வாங்க ஆளில்லாத சரக்குக்கு எதற்குப் புரோக்கர்?

போடியில் புரோக்கர் என்பது கெட்ட வார்த்தை கிடையாது. ஊரின் சோறே ஏலக்காய் விற்பனையில் இருக்கிறது. மலையில் விளைந்த காயை ஸ்டோரில் உலர்த்தி மூட்டையாக இறக்கினால், ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் வியாபாரிகள் மாதிரிக் காயைப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்பார்கள். ஏலம் நடத்துகிற கம்பெனிக்குக் கமிஷன் உண்டு. எப்போது? சரக்கு விற்ற பிறகு, விற்ற பணத்திலிருந்து. அன்றைக்கு எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ விற்றது, அதிகபட்ச விலை என்ன, சராசரி என்ன என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். இந்த ஏற்பாட்டின் மீது விவசாயிக்கு ஆயிரம் புகார் உண்டு. ஆனாலும் அதில் ஒரு நாணயம் இருக்கிறது: விற்காமல் கூலி இல்லை.

இதே ஊரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு, பூப்பாறை தாண்டிச் சின்னக்கானல் போனால் வேறொரு சரக்கு இருக்கிறது. அதன் பெயர் டைம்ஷேர். வருஷத்தில் ஒரு வாரம் மலை விடுதியில் தங்கும் உரிமை. இருபத்தைந்து வருஷம், சிலவற்றில் அதற்கும் மேலே. மொத்தமாக ஒரு தொகை கட்ட வேண்டும், அதற்குப் பிறகு வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம். 1960களில் ஐரோப்பாவில் பிறந்த யோசனை இது. இந்தியாவில் 1986இல் ஸ்டெர்லிங், 1996இல் மஹிந்திரா ஹாலிடேஸ் என்று வளர்ந்தது. இரண்டுக்குமே சின்னக்கானலில் விடுதிகள் உண்டு. வருஷா வருஷம் பிள்ளைகுட்டியோடு போய்ச் சந்தோஷமாக இருந்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு, வெளியே வர நினைப்பவர்களுக்கு ஊரார் சொல்லும் யோசனையோடு. ரிட்டயர் ஆன வாத்தியார், முழங்கால் வலி, பிள்ளைகள் வெளிநாட்டில். மலைக்குப் போயே நாலு வருஷம் ஆச்சு, பராமரிப்பு பில் மட்டும் தவறாமல் வருகிறது. அவரிடம் ஒருத்தர், "நல்ல புரோக்கராப் பாத்துக் குடுத்துருங்க சார்" என்கிறார். இன்னொருத்தர், "புரோக்கருக்கு எதுக்குத் தண்டம் அழறீங்க, நெட்டுல போட்டு நீங்களே வித்துருங்க" என்கிறார். இரண்டு பேருமே ஒரு பொய்யை உண்மை என்று எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள். இதற்கு ஒரு சந்தை இருக்கிறது என்கிற பொய்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். இன்னும் பன்னிரண்டு வருஷம் பாக்கி. பராமரிப்பு வருஷத்துக்கு இருபதாயிரம். வாங்குகிறவர் உங்களிடம் சும்மா வாங்கினாலே அவர் தலையில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கடன் ஏறுகிறது, கட்டணம் கூடாமல் இருந்தால். ஒப்பந்தத்தை மாற்றக் கம்பெனியின் சம்மதம் வேண்டும், மாற்றுக் கட்டணமும் இருக்கும். அதே ஒரு வாரத்துக்கு அதே மலையில் போனிலேயே அறை கிடைக்கும், வேண்டாமென்றால் ரத்து செய்துவிடலாம். இதற்கு மேலே உங்களுக்கும் ஒரு தொகை கொடுத்து வாங்க யார் வருவார்? நிலம் என்றால் பத்திரம் உண்டு. நகை என்றால் எடை உண்டு. இதில் பெரும்பாலும் உங்களிடம் இருப்பது சொத்து அல்ல, முன்பணம் கட்டிய வாடகைச் சீட்டு. பாதி கிழித்த சீட்டு.

சந்தை இல்லாத இடத்தில் புரோக்கர் எப்படிப் பிழைப்பார்? அங்கேதான் அந்த போன் வருகிறது. "சார், உங்க மெம்பர்ஷிப்புக்குப் பார்ட்டி ரெடி. நாலு லட்சம் தர்றாங்க. டாக்குமென்ட் சார்ஜ் மட்டும் நீங்க இன்னைக்கே கட்டிட்டா முடிச்சிரலாம்." கட்டினால் அடுத்து வரி, அதற்கடுத்து என்ஓசி. பார்ட்டி கடைசி வரை வரமாட்டார். அப்படி ஒருத்தர் பிறக்கவே இல்லை.

இது நம்மூர்க் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் டைம்ஷேர் மறுவிற்பனை மோசடிகளையும் சுற்றுலாப் பரிசு மோசடிகளையும் எதிர்த்து 191 நடவடிக்கைகள் எடுக்கப்பட்டதாக அந்நாட்டு வணிக ஆணையம் 2013இல் அறிவித்தது. மெக்சிகோவின் போதைப்பொருள் கும்பல்களே இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டன. 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 அமெரிக்கர்கள் ஏறக்குறைய 30 கோடி டாலரை இப்படி இழந்ததாக எஃப்.பி.ஐ. கணக்குச் சொன்னது. கொகெய்ன் விற்கிறவனுக்கே லாபமாகத் தெரிகிற தொழில் என்றால், விற்பது எவ்வளவு சுலபமான சரக்கு என்று பாருங்கள். அந்தச் சரக்கு உங்களுடைய ஒரு வாரம் இல்லை. எப்படியாவது இதிலிருந்து தப்பிக்க வேண்டும் என்ற உங்கள் தவிப்பு.

"படிச்சவங்கதானே, ஏமாந்தா அவங்க தப்பு" என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே போகும்போது ஏசி அறை, காபி, பரிசுக் கூப்பன், இரண்டு மணி நேரம் பேசுவதற்கு ஆள். வெளியே வர ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. கதவே இல்லாத வீட்டில், சுவரில் கதவு வரைந்து காட்டுகிறவன் வருவான். அவனை நம்பியவரைத் திட்டுவதற்கு முன்னால், கதவு வைக்காமல் கட்டியவரைக் கேட்க வேண்டாமா?

விற்கும்போதே இதை முதலீடு மாதிரிப் பேசுகிறவர்களும் இருந்தார்கள். பான்கார்டு கிளப்ஸ் என்ற மும்பைக் கம்பெனி அறை இரவுகளை விற்றது, தங்காவிட்டால் கடைசியில் பணம் வரும் என்றது. சுமார் 7,035 கோடி ரூபாய், ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம். இது அனுமதியில்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுக்க 2016இல் செபி உத்தரவு போட்டது. எல்லாக் கம்பெனியும் பான்கார்டு அல்ல. ஆனால் "பின்னாடி வித்துக்கலாம் சார்" என்று வாயால் சொல்லிவிட்டு ஒப்பந்தத்தில் அதைப் பற்றி மூச்சுவிடாத ஒவ்வொரு விற்பனையாளரும் அதே கனவின் சில்லறை வியாபாரிதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2009 ஜனவரியில் ஒரு விதி இயற்றியது. வாங்கியவர் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் விலகலாம், அதற்குள் யாரும் முன்பணம் வாங்கக் கூடாது. மறுவிற்பனைக்கு உதவுகிற புரோக்கர், விற்பனை முடியும் வரை ஒரு காசு வாங்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால் இது போடி ஏலத்தின் அதே நாணயம்தான். இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனி மத்தியச் சட்டம் இல்லை. ஒரு கிலோ ஏலக்காய்க்கு லைசென்ஸ், ஏல விதி எல்லாம் வைத்திருக்கிற அரசாங்கம், கால் நூற்றாண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு வெளியேறும் விதி எழுதக் கூடாதா? கம்பெனிகள், மீதி வருஷங்களுக்கு ஏற்றபடி ஒப்பந்தத்தைத் தாங்களே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வருஷக் கட்டணத்தை உயர்த்தும் உரிமை உங்களுக்கு உண்டென்றால், போதும் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது. முதலில் கம்பெனிக்கே எழுதுங்கள், போனில் பேசாதீர்கள்: ஒப்பந்தத்தை ஒப்படைக்கிறேன், நிபந்தனை என்ன என்று. போக ஆசைப்படுகிற சொந்தக்காரர் இருந்தால், கட்டணப் பாக்கியைச் சொல்லிவிட்டு முறைப்படி பெயர் மாற்றிக் கொடுங்கள். விலை எதிர்பார்க்காதீர்கள். புரோக்கர் வந்தால் ஒரே ஒரு கேள்வி: "வித்த காசுல எடுத்துக்குவீங்களா?" மழுப்பினால் போனை வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930. கம்பெனியே சொன்ன சொல் மாறினால் நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையம். 2019 சட்டப்படி தேனிக்காரர் தேனியிலேயே வழக்குப் போடலாம், மும்பைக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் கிடையாது. ஆனால் பிரச்சினை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

புரோக்கரோடு விற்பதா, புரோக்கர் இல்லாமல் விற்பதா என்ற விவாதத்தில் யார் ஜெயித்தாலும் வாத்தியார் தோற்கிறார். தலையில் கட்டியவனே இறக்கி வைக்க வேண்டும் என்று கேட்பதுதான் நியாயம். இன்னொரு தலையைத் தேடச் சொல்வது நியாயமே இல்லை.