மல்லிகைக்குப் பக்கத்தில் ஒரு புதினா

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி இலையுதிர் காடுகளில், மர நிழலும் ஈர மண்ணும் சேர்ந்த இடங்களில் வளரும் காலின்சோனியா கனடென்சிஸ், குளிர்காலத்தில் மண்ணுக்கு மேல் பட்டுப்போய் வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும் பல்லாண்டுச் செடியாகும். அதன் உயிரைக் காத்து வைப்பது மட்டநிலத்தண்டு, அதாவது மண்ணுக்குள் கிடையாக வளரும் தண்டு. அது கட்டைபோல் இறுகியிருப்பதால் 'கல்வேர்' என்று பொருள்படும் பெயரே அங்கு வழங்குகிறது.

நாற்சதுரத் தண்டு, எதிரெதிர் இலைகள், ஈருதடு கொண்ட பூ எனத் துளசியிலும் தும்பையிலும் காணும் புதினாக் குடும்ப அடையாளங்கள் அனைத்தும் இதற்கும் உண்டு. கோடையின் பிற்பகுதியில் மலரும் மஞ்சள் பூவின் கீழுதடு நூல்நூலாகப் பிரிந்து தொங்க, எலுமிச்சையை நினைவூட்டும் வாசம் எழும். அந்த வாசம் எல்லோருக்கும் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரும் 1748 முதல் 1751 வரை அமெரிக்காவில் பயணம் செய்தவருமான பீட்டர் கால்ம், இச்செடி மண்டிய இடத்தைக் கடந்தாலே தமக்குத் தலைவலி வந்ததாகப் பதிவு செய்திருக்கிறார்.

காலின்சோனியா என்ற பெயருக்கு உரியவர் பீட்டர் காலின்சன் (1694–1768) என்ற லண்டன் துணி வணிகர். பிலடெல்பியாவைச் சேர்ந்த விவசாயி ஜான் பார்ட்ரம் காடுகளில் திரட்டிப் பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றிய விதைகளைப் பெற்று, இங்கிலாந்தின் தோட்டங்களுக்குப் பரப்பியவர் அவர். அந்த உழைப்பை மதித்தே லின்னேயஸ் இப்பெயரைச் சூட்டினார். ஆனால், காடு காடாக அலைந்தவர் பார்ட்ரம் என்பதையும் மறப்பதற்கில்லை.

பெயரிட்ட லின்னேயஸே இச்செடியை அதன் உறவிலிருந்து பிரித்தும் வைத்தார். மகரந்தத்தாள், அதாவது மகரந்தத்தை ஏந்தும் ஆண் உறுப்பு, பூவில் எத்தனை என்று எண்ணி வகுப்பு பிரிப்பது அவர் முறை. புதினாக் குடும்பத்தில் பெரும்பாலும் நான்கு தாள்கள் இருக்க, காலின்சோனியா கனடென்சிஸுக்கு இரண்டே உள்ளன. ஆகவே 1753-இல் வெளியான அவருடைய 'ஸ்பீசீஸ் பிளான்டாரம்' நூலில் துளசி ஒரு வகுப்பிலும், இச்செடி இரண்டு தாள் கொண்ட மல்லிகையோடு வேறொரு வகுப்பிலும் இடம்பெற்றன. செடியைத் தேடிக் கண்டுபிடிக்க வசதியான முறைதான் அது. உறவைக் காட்டும் முறையன்று. ஒரே உறுப்பை எண்ணாமல் பல பண்புகளைச் சேர்த்துப் பார்த்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் அந்துவான் லோரன் தெ ஜுஸ்யூ, 1789-இல் வெளியிட்ட நூலில் காலின்சோனியாவைப் புதினாவோடும் துளசியோடும் ஒரே குடும்பத்தில் சேர்த்தார். இன்றும் அதன் இடம் அதுவே.