ஊசி போட்டும் வந்துச்சே, டீச்சர்!

ஆசிரியர் அறையில் இன்றும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "ஊசி போட்டும் வந்துச்சே டீச்சர், அப்புறம் எதுக்கு அது?" வந்தது சரி. எத்தனை நாளில் போனது?

எனக்குக் கோவிட் 2021 மே மாதம் வந்தது. வயது 42. நாற்பத்தைந்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த மாதம்தான் அனுமதி, ஊசிதான் கிடைக்கவில்லை. பத்து நாளில் காய்ச்சல் விட்டது. விட்டது காய்ச்சல் மட்டும். பள்ளி திறந்ததும் முதல் மாடி ஏறி, வகுப்பு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆறாம் வகுப்பிலிருந்து தெரிந்த பையன் எதிரே நிற்பான். பேர் நாக்கு நுனியோடு நின்றுவிடும். டிகாஷன் இறக்கினால் வாசனையே வராது.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஏப்ரலில் ஒன்று, ஜூலையில் ஒன்று என இரண்டு கோவிஷீல்டு போட்டிருந்தார். 2022 ஜனவரியில் அவருக்கும் வந்தது. எட்டாம் நாள் கடையைத் திறந்துவிட்டார்.

இதை மட்டும் வைத்து நான் வாதாடினால், பாடம் எடுக்கும் அறிவியலுக்கே துரோகம். எனக்கு வந்தது டெல்டா, அவருக்கு ஒமிக்ரான் காலம்; கிருமியே மாறிவிட்டதே! அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தது அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து சியாத் அல்-அலி குழு 2024இல் வெளியிட்ட ஆய்வு. தொற்று வந்த ஓராண்டுக்குள் நீண்ட கோவிட், அதாவது தொற்று போன பின்னும் விடாத தொல்லைகள், டெல்டா காலத்தில் ஊசி போடாத 100 பேருக்கு 9.5. ஒமிக்ரான் காலத்தில் போடாதவர்களுக்கு 7.8, போட்டவர்களுக்கு 3.5. கிருமி மாறியதால் குறைந்ததைவிட ஊசியால் குறைந்ததுதான் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் வயதான ஆண்கள், ஆகவே இதே எண்ணை நம் தெருவில் தேடக்கூடாது. 3.5 என்பது பூஜ்யமும் இல்லை.

ஏற்கெனவே நீண்ட கோவிடில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஊசி மருந்தும் அல்ல. குணமாகி மூன்று மாதம் கழித்து, செப்டம்பரில் ஆசையோடு போட்டுக்கொண்டேன். காபி வாசனை பொங்கலுக்குத்தான் திரும்பியது. ஊசியாலா, தானாகவா? சொல்லத் தெரியாது. சிலருக்குத் தேவலை ஆகிறது, பலருக்கு அப்படியே இருக்கிறது.

மூச்சு வாங்குகிறது என்று போனபோது ஒரு மருத்துவர், "மனசைத் தெளிவா வெச்சுக்கங்கம்மா" என்று வைட்டமின் மாத்திரை எழுதினார். தொற்று எப்போது வந்தது, ஊசி எப்போது போட்டீர்கள் என்று இரண்டு தேதிகளைக் கேட்டிருக்கலாம். சீட்டில் அதற்கு இடம் நிறையவே இருந்தது.