மட்டையைக் கீழே வைக்கும் நாளுக்கு முன்பாக...

2025 டிசம்பர் 10 அன்று சென்னையில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியின் வெண்கலப் பதக்கப் போட்டியில், அர்ஜென்டினாவிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்த இந்திய அணி, கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல்களை அடித்து வென்றது. அந்த இளைஞர்களை வழிநடத்திய பயிற்சியாளர் பி.ஆர்.ஸ்ரீஜேஷ். அதற்குப் பதினாறு மாதங்கள் முன்புதான், பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினை வென்று வெண்கலம் பெற்ற கையோடு, 336 சர்வதேசப் போட்டிகளில் ஆடிய கோல்கீப்பராக அவர் ஓய்வு பெற்றிருந்தார்.

அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு கோல்கீப்பர் நினைவுக்கு வருகிறார். 1956, 1960, 1964 என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவின் கோலைக் காத்தவர் சங்கர் லட்சுமண். டோக்கியோ இறுதிப் போட்டியில் பாகிஸ்தானை 1-0 என வென்று தங்கத்தை மீட்டதில் அவர் பங்கு பெரிது. 1966 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் தலைவரும் அவரே. 1968 ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்காதபோது, ஹாக்கியை விட்டே விலகினார். 2006இல் மத்தியப் பிரதேசத்தின் மோவ் நகரில், காலில் பரவிய அழுகல் நோயால் இறந்தார். சிகிச்சைக்கே குடும்பம் தவித்த செய்தி அப்போது நாளேடுகளில் வெளிவந்தது.

இருவருக்கும் இடையிலான வேறுபாட்டைக் காலம் மாறிவிட்டது என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துவிட முடியாது. ஸ்ரீஜேஷ் தன் ஓய்வை பாரிஸ் போட்டிகளுக்கு முன்பே அறிவித்தார். அவர் ஆடுகளத்தை விட்டு வெளியேறிய உடனேயே ஜூனியர் அணியின் பொறுப்பு அவருக்கு வழங்கப்பட்டது. ஒரு கதவு மூடும் முன்பே மறு கதவு திறந்திருந்தது. மூத்த வீரர் எப்போது விலக வேண்டும் என்று நாம் ஓயாமல் விவாதிக்கிறோம். விலகியபின் என்ன செய்வார் என்ற கேள்விக்கு விடை கிடைத்தால், முதல் கேள்வியின் சிக்கலில் பாதி தானே அவிழும் என்பது என் கருத்து.

விலகுவது ஏன் கடினம்?

இன்றைய ஹாக்கி, வயதுக்கு இரக்கம் காட்டாத ஆட்டம். செயற்கைப் புல்தரையும், வரம்பில்லாமல் வீரர்களை மாற்றிக்கொள்ளும் விதியும், ஆஃப்சைடு விதியின் நீக்கமும் ஆட்டத்தின் வேகத்தைப் பன்மடங்கு உயர்த்திவிட்டன. முப்பதைத் தாண்டிய நடுக்கள வீரருக்கு ஆட்டத்தைப் படிக்கும் அறிவு கூடியிருக்கும், முழங்கால் ஒத்துழைக்காது. அறிவு உச்சத்தில் இருக்கும்போது உடல் விடைபெறுவதுதான் விளையாட்டு வாழ்வின் துயரம்.

2021 செப்டம்பரில், டோக்கியோ வெண்கலம் வென்ற சில வாரங்களில், ரூபிந்தர் பால் சிங்கும் பிரேந்திர லக்ராவும் ஓய்வை அறிவித்தனர். அடுத்த ஆண்டே இருவரும் திரும்பிவந்தனர். 2022 ஆசியக் கோப்பைக்கு ரூபிந்தர் அணித் தலைவராக அறிவிக்கப்பட்டார். மணிக்கட்டுக் காயத்தால் அவர் விலக நேர, தலைமை லக்ராவுக்குச் சென்றது. இதை உறுதியின்மை என்று கேலி செய்வோர் உண்டு. பத்து வயதிலிருந்து ஒரே வேலையைச் செய்துவந்தவர், அது இல்லாத காலைப் பொழுதை எதிர்கொள்ளும் தவிப்பையே நான் அதில் காண்கிறேன்.

ராணி ராம்பாலின் அனுபவம் வேறு வகை. 14 வயதில் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கி, டோக்கியோவில் மகளிர் அணியை நான்காம் இடத்துக்கு இட்டுச் சென்றவர். பின்னர் காயம் குறுக்கிட்டது. அணியில் நிலையான இடம் இல்லாமல் போனது. அவர் ஓய்வை அறிவிக்கும் முன்பே, 2023இல் சப்-ஜூனியர் சிறுமியர் அணியின் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். ஓய்வு அறிவிப்பு வந்தது 2024 அக்டோபரில்தான். பொறுப்பு தகுதியானதே. ஆனால், ஆடும் விருப்பம் தீராத ஒருவரின் கையில் அது வந்து சேர்ந்த வரிசையில் நெருடல் இருக்கிறது. ‘உங்களை இனி அணியில் சேர்க்கும் திட்டம் இல்லை’ என்ற உண்மையைத் தேர்வாளர்கள் வீரரிடம் நேரில் சொல்லும் பழக்கம் நம்மிடம் வேரூன்ற வேண்டும். அதை நாளிதழில் வரும் அணிப் பட்டியலைப் பார்த்து அவர்கள் அறிந்துகொள்ள நேர்வது அவமதிப்பு.

வேலை மட்டும் போதுமா?

அரசு வேலை இருக்கிறதே என்று கேட்கலாம். ரயில்வே, காவல் துறை, ராணுவம், பொதுத் துறை நிறுவனங்கள் ஆகியவையே இந்திய ஹாக்கியைத் தாங்கிய தூண்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்து பதினைந்து ஆண்டுகள் மைதானத்தில் கழித்தவர், 33 வயதில் முதன்முறையாக அலுவலக நாற்காலியில் அமர்கிறார். கோப்பு அவருக்குப் புதிது. ஆட்டத்தில் அவர் சேர்த்த அறிவுக்கு அங்கே பயன் இல்லை. தன்ராஜ் பிள்ளை போன்றோரை வைத்திருந்த ஏர் இந்தியா 2022இல் தனியார் வசமானதை எண்ணிப் பார்த்தால், இந்தத் தூண்களும் நிரந்தரமல்ல என்பது விளங்கும்.

ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்களுக்கு மத்திய அரசு மாதம் 20,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. 2024 ஆகஸ்ட் 29 அன்று, தியான் சந்த் பிறந்த நாளில், ஓய்வுபெற்ற வீரர்களுக்கான ‘ரீசெட்’ என்ற பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. 20 முதல் 50 வயது வரையிலானவர்கள் அதில் சேரலாம். நல்ல முயற்சிகள். எனினும், ஓய்வூதியம் பதக்கத்தைத் தொட்டவர்களுக்கானது. கோவில்பட்டி போன்ற ஊர்களில் அகில இந்தியப் போட்டிகளைக் காணும்போது, பதக்கம் எதையும் தொடாமல் அணிகளின் முதுகெலும்பாக இருக்கும் முப்பது வயதுக்காரர்களைப் பார்க்கிறேன். அவர்களே பெரும்பான்மையினர்.

என்ன செய்யலாம்?

மூத்த வீரர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: ஆட்டத்தின் கடைசி மூன்று ஆண்டுகளை அடுத்த வாழ்வின் முதல் மூன்று ஆண்டுகளாகவும் கருதுங்கள். சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பும் ஹாக்கி இந்தியாவும் நிலை வாரியாகப் பயிற்சியாளர் படிப்புகளை நடத்துகின்றன. முகாம்களுக்கு இடையிலான வாரங்களில் அவற்றை முடிக்கலாம். எல்லோரும் தலைமைப் பயிற்சியாளர் ஆக முடியாது, ஆகவும் வேண்டியதில்லை. நடுவர், காணொளிப் பகுப்பாய்வாளர், உடற்தகுதி வல்லுநர், பெனால்டி கார்னர் பயிற்றுநர் எனத் தேவைகள் பல. கோல்கீப்பர்களைப் பயிற்றுவிக்கவே நெதர்லாந்திலிருந்து வல்லுநரை அழைத்துவந்த நாடு இது.

சிறந்த வீரர் சிறந்த ஆசிரியராக இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்ற வாதம் சரியானதே. அதனால்தான் பதவியைப் பரிசாகத் தராமல், படிப்பையும் பழகுநர் காலத்தையும் தர வேண்டும் என்கிறேன். 2024-25இல் புத்துயிர் பெற்ற ஹாக்கி இந்தியா லீக்கின் ஒவ்வோர் அணியும், ஓய்வை நெருங்கும் இந்திய வீரர் ஒருவரைத் துணைப் பயிற்சியாளராகப் பழக்க வேண்டும் என்ற விதி வகுப்பது கடினமல்ல. வீரர்களுக்கு வேலை தரும் நிறுவனங்கள், அவர்களை ஓராண்டேனும் மாவட்ட விளையாட்டு விடுதிகளுக்கு அயல்பணியில் அனுப்பலாம். ஊதியச் செலவு கூடாது. செயற்கைத் தரை இருந்தும் தேர்ந்த ஆசிரியர் இல்லாத ஊர்களுக்கு ஆசிரியர் கிடைப்பார்.

ஓய்வுபெறும் வீரருக்கு நாம் பொன்னாடை போர்த்துகிறோம். அவர் சட்டை எண்ணுக்கும் ஓய்வு தருகிறோம். அவை இருக்கட்டும். மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் பழக்கத்தின் காரணமாக அவருக்கு விழிப்பு வரும். எழுந்து செல்ல ஒரு மைதானமும், அங்கே அவருக்காகக் காத்திருக்கும் சில சிறுவர்களும் இருப்பதை நாம் உறுதிசெய்ய வேண்டும்.