கனடா: ஒற்றுமைக்கு ஒரே முகம் வேண்டுமா?

நம் சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து காபி குடித்தால் மத்திய - மாநில விவகாரம் வராமல் இருக்காது. போன மாதமும் வந்தது. "எல்லோரும் ஒரே மாதிரி இருந்தால்தான் நாடு உருப்படும். கனடாவைப் பாருங்கள், ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு அவதிப்படுகிறார்கள்" என்றார் நண்பர் ஒருவர். அவர் மகன் டொரண்டோவில் இருக்கிறான். ஆகவே கனடா பற்றி அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. அன்று நானும் பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் கனடாவின் சரித்திர ஆசிரியர்களை ஓரளவு படித்தவன் என்ற முறையில் என் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நண்பரின் கட்சியை அவரைவிட நன்றாகப் பேசிய ஒருவர் கனடாவிலேயே இருந்தார். டொரண்டோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டொனால்ட் க்ரைட்டன். முதல் பிரதமர் ஜான் மக்டொனால்டின் வாழ்க்கை வரலாற்றை 1952லும் 1955லும் இரண்டு பாகங்களாக எழுதியவர். 1867இல் நாட்டை உருவாக்கியவர்கள் வலுவான மத்திய அரசைத்தான் விரும்பினார்கள் என்பது அவர் வாதம். அதில் தப்பில்லை. பக்கத்து அமெரிக்காவில் மாநிலங்களுக்கு அதிக உரிமை கொடுத்ததால்தான் உள்நாட்டுப் போர் வந்தது என்று மக்டொனால்ட் நினைத்தார். அதனால் பட்டியலில் இல்லாத எஞ்சிய அதிகாரங்கள் ஒட்டாவாவுக்கே போயின. மாகாணச் சட்டத்தை ரத்து செய்யும் உரிமையும் அங்கேதான் இருந்தது. (எஞ்சிய அதிகாரம் மத்திய அரசுக்கே என்ற ஏற்பாடு நம் அரசியல் சட்டத்திலும் இருக்கிறது. ஆக, கனடா நமக்கு அந்நியம் இல்லை.)

பிறகு நடந்தது வேறு. லண்டன் பிரிவி கவுன்சில் நீதிபதிகள் 'சொத்தும் சிவில் உரிமைகளும்' மாகாணங்களைச் சேர்ந்தவை என்ற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மாகாணங்களின் கையை ஓங்கச் செய்தார்கள். பெரும் பொருளாதார மந்தத்தில் ஜனங்கள் வேலையில்லாமல் தவித்த சமயம், ஒட்டாவா கொண்டுவந்த வேலையில்லாதோர் இன்ஷூரன்ஸ் சட்டம் 1937இல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 1940இல் அரசியல் சட்டத்தையே திருத்திய பிறகுதான் வழி பிறந்தது. க்ரைட்டனின் கோபத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கோபம் பின்னாளில் க்யூபெக்கின் பிரெஞ்சுக்காரர்கள் மேல் திரும்பியது. அவர்களுக்கு இனி எந்தச் சலுகையும் கூடாது என்ற அளவுக்குப் போய்விட்டார். அங்கேதான் எனக்கும் அவருக்கும் வழி பிரிகிறது.

என் கட்சி ராம்ஸே குக்குடையது. சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1931இல் பிறந்து 2016இல் மறைந்தவர். ஆங்கிலம் பேசும் கனடியர். ஆனாலும் பிரெஞ்சுக் கனடாவைப் புரிந்துகொள்ள உழைத்தவர். 1967இல் கனடா நூற்றாண்டு விழாக் கொண்டாடியபோது, "நமக்கென்று ஒரு தேசிய அடையாளம் இல்லையே" என்று எல்லோரும் அங்கலாய்த்தார்கள். குக் கேட்டது சாதாரணக் கேள்வி: இருக்கிற வட்டார, இன, வர்க்க அடையாளங்களை முதலில் புரிந்துகொள்ளக் கூடாதா? கனடியத் தன்மை அவற்றில்தான் இருக்கிறதோ என்னவோ! 'வரையறுக்கப்பட்ட அடையாளங்கள்' என்ற அந்தச் சொல்லை 1969இல் கேர்லெஸ் என்ற இன்னொரு சரித்திர ஆசிரியர் எடுத்தாண்டார். அதன்பின் அது நிலைத்துவிட்டது.

இதனால் குக் பிரிவினைக்குக் கொடி பிடித்தவர் என்று நினைக்கக் கூடாது. கூட்டாட்சிவாதியான பியர் ட்ரூடோவின் நண்பர் அவர். ஒவ்வொரு இனத்துக்கும் தனி நாடு வேண்டும் என்ற தேசியவாதத்தையும் ஏற்காதவர். ஒரே அரசின் கீழ் பல இனங்கள் வாழ்வது குறையல்ல என்பதே அவர் நிலை.

1995ஆம் வருஷத்தைப் பார்த்தால் இது விளங்கும். அக்டோபர் 30ஆம் தேதி க்யூபெக்கில் பிரிவினை வாக்கெடுப்பு. பிரிய வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம். சுமார் 54,000 வாக்கில் நாடு தப்பியது. ஆனால் அதற்கு ஆறு நாள் முன்பு அதே க்யூபெக்கின் வடக்கே க்ரீ என்ற பழங்குடியினர் தாங்களே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். க்யூபெக்கோடு சேர்ந்து கனடாவை விட்டு எங்களைக் கொண்டு போகக் கூடாது என்று 96 சதவீதத்துக்கும் மேல் வாக்களித்தார்கள். க்யூபெக் கனடாவிடம் கேட்டதை அவர்கள் க்யூபெக்கிடம் கேட்டார்கள். தன் தனித்துவத்துக்காகப் போராடுகிறவன் தன் வீட்டுக்குள் இருக்கும் சிறுபான்மைக்கு என்ன பதில் வைத்திருக்கிறான்? நம்மவர்களும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மறுதரப்பிலும் ஒரு உண்மை உண்டு. கிரானட்ஸ்டீன் என்ற சரித்திர ஆசிரியர் 1998இல் கனடிய சரித்திரத்தைக் கொன்றது யார் என்று கேட்டே ஒரு புத்தகம் எழுதினார். கல்வியைக் கையில் வைத்திருக்கும் மாகாணங்கள், பன்முகப் பண்பாட்டுக் கொள்கை, துண்டு துண்டாக ஆராயும் பேராசிரியர்கள் எல்லோரையும் சாடினார். சாடலில் மிகை உண்டு. ஆனாலும் பிள்ளைகளுக்குத் தங்கள் கூட்டத்தின் கதை மட்டுமே தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரனோடு பேச என்ன இருக்கும் என்ற அவர் கவலையை என்னால் ஒதுக்க முடியவில்லை. நம் குழந்தைகள் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் ராஜராஜனைப் படிக்கிறார்கள், நல்லது. தாங்கள் பிறந்து வளரும் இந்த ஊரின் சரித்திரத்தில் நாலு வரி சொல்லச் சொன்னால் விழிக்கிறார்கள். என் பேத்தியும் விழித்தாள்.

நண்பர் சொன்ன அவதிக்கு வருகிறேன். 2006இல் கனடியப் பார்லிமெண்ட், ஒன்றுபட்ட கனடாவுக்குள் க்யூபெக் மக்கள் ஒரு தேசிய இனம் என்று தீர்மானம் போட்டது. நாடு உடையவில்லை. 2016இல் அதே பார்லிமெண்ட் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. அப்போதும் உடையவில்லை. 2025இல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப், கனடா 51ஆவது மாநிலமாகச் சேரலாம் என்று பேசியபோது, அடையாளமே இல்லாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்களுக்கு வந்த ரோஷம் உலகறிந்தது. அமெரிக்கா விழுங்கிவிடும் என்று ஆயுள் முழுக்கப் பயந்த க்ரைட்டன் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அந்த ரோஷத்துக்கு ஒரே மொழியோ ஒரே முகமோ தேவைப்படவில்லை என்பது அவருக்கு உறுத்தியும் இருக்கலாம்.

இந்த இதழை நண்பர் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறேன். அவர் மறுப்பு எழுதினால் ஆசிரியர் அடுத்த இதழில் இடம் ஒதுக்கித் தர வேண்டுகிறேன்.