நாகமலை புதுக்கோட்டையா, அய்யர் பங்களாவா?

சென்னையில வேலை பார்க்கிற தங்கச்சி மகன் போன வாரம் போன் போட்டான். "மாமா, மதுரைக்கே மாத்தல் வாங்கிட்டேன். அம்மாவும் எங்களோட வர்றாங்க. நாகமலை புதுக்கோட்டையில வீடு பார்க்கவா, அய்யர் பங்களா பக்கம் பார்க்கவா?"

ரெண்டு ஊருக்கும் காய்கறி கொண்டுபோய்ப் போடுறவன் நான். எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்.

அய்யர் பங்களா நத்தம் ரோட்டுல இருக்கு. 2023 ஏப்ரல்ல 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம் திறந்த பிறகு, அதைச் சொல்லியே மனை விக்கிறாங்க. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடை எல்லாம் கிட்டக்கவே. ஆனா காலை ஒன்பது மணிக்கு மேல உள்தெருக்கள்ல ஆள் நடமாட்டமே இருக்காது. வீட்டுக்கு வீடு கேட்டுல பூட்டு. கீரைக்கட்டை வாங்கக்கூட ஆள் இல்லாம திரும்பியிருக்கேன்.

நாகமலை புதுக்கோட்டை தேனி ரோட்டுல. 1965-ல வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி, அடுத்த வருஷமே பல்கலைக்கழகம். 1978-ல அதுக்குக் காமராசர் பேரு வச்சாங்க. டீக்கடை, மெஸ், ஜெராக்ஸ் கடைன்னு பாதி ஊரு பிள்ளைகளை நம்பித்தான் பொழைக்குது. மே மாசம் லீவு விட்டா கடைக்காரங்க ஈ ஓட்டணும், என் கத்தரிக்காயும் தேங்கும். பெரிய வைத்தியம்னா டவுனுக்குத்தான் ஓடணும். இந்தக் குறையெல்லாம் உண்டு. ஆனா பகல்லயும் தெருவுல ஆள் இருக்கும். ரிட்டயர்டான வாத்தியார்கள் சாயங்காலம் நடப்பாங்க, நின்னு நாலு வார்த்தை பேசுவாங்க.

நீயும் உன் பொண்டாட்டியும் வேலைக்குப் போயிருவீங்க. பகல் பூரா வீட்டுல இருக்கப்போறது என் தங்கச்சி. அதனால என் ஓட்டு புதுக்கோட்டைக்குத்தான். மாசாமாசம் ஆஸ்பத்திரி போற உடம்பா இருந்தா அய்யர் பங்களான்னு சொல்லியிருப்பேன்.

எங்க வாங்கினாலும் ஒண்ணைப் பாரு. அய்யர் பங்களா தாண்டினா செட்டிகுளம், ஊமச்சிகுளம். பேரே சொல்லுது, தண்ணி நின்ன பூமி. மனை விக்கிறவன் வரைபடத்துல ரோடு இருக்கும், வரத்துக்கால் இருக்காது. உள்ளூர்ப் பெரியவர் ஒருத்தரைப் பிடிச்சு, கண்மாய் உள்வாய் எதுவரைக்கும், கலுங்குத் தண்ணி எங்கிட்டுப் போகும்னு கேளு. பக்கத்து வீட்டுல போர் எத்தனை அடின்னும் கேளு.

ஒரு வேலைநாள் பதினோரு மணிக்கு ஒரு தடவை, பெருமழை பெஞ்ச மறுநாள் ஒரு தடவை போய்த் தெருவுல நடந்து பாரு மாப்ளே. அப்புறம் அட்வான்ஸ் குடு.