மருந்துப் பையை மறவாதீர்

என்னென்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்று சேர்க்கையின்போது கேட்டால், பலர் சர்க்கரை மாத்திரையோடு நிறுத்திவிடுகிறார்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கியதையும் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் தந்த சூரணத்தையும் சொல்வதில்லை. கடிந்துகொள்வார்களோ என்ற அச்சம். அதற்கு மருத்துவத் துறையினராகிய நாங்களும் பொறுப்பு.

கிளிமிபிரைடு இரு வணிகப் பெயர்களில் வீட்டில் இருக்கலாம். இரண்டையும் விழுங்கினால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழும். வலி மாத்திரையோ பழுதுற்ற சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். வார்ஃபரின் உட்கொள்பவருக்கு இரத்தக்கசிவை உண்டாக்கும். முழுப் பட்டியல் கிடைத்தால்தான் மருந்தாளுநர் மருத்துவருடன் கலந்து, எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது எனத் திட்டமிட இயலும்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்த மாத்திரைகள் உட்பட அனைத்தையும், அட்டையோடு, ஒரே பையில் கொண்டுவாருங்கள். வீடு திரும்பும் நாளில், பழையவற்றுள் எவை இனி வேண்டா என்பதை எழுதி வாங்காமல் புறப்படாதீர்கள்.