பழி கயோட்டிக்கு, லாபம் யாருக்கு?

தென்கிழக்கு அமெரிக்காவில் காட்டு வான்கோழிகள் குறைந்துவருவதற்குக் கயோட்டி என்ற காட்டுநாய் ஒன்றே காரணம், வாழிடம் பற்றிய பேச்செல்லாம் ஆய்வாளர்கள் நிதி வாங்கக் கட்டிய கதை என்று போன இதழில் தீர்ப்பெழுதியிருக்கிறார் ஒருவர். தீர்ப்பு இருக்கிறது, சாட்சியம் எங்கே?

வடகிழக்கு மாநிலமான மாசசூசெட்ஸைப் பாருங்கள்: அங்கே கடைசி வான்கோழி 1851-இல் சுடப்பட்டபோது கயோட்டியே கிடையாது. காட்டை வெட்டி வயலாக்கியதும் வரைமுறையின்றிச் சுட்டதும்தான் அந்தப் பறவையை ஒழித்தன. கயோட்டி வந்து சேர்ந்தது 1950-களில். அதற்கும் பிறகு, 1970-களின் தொடக்கத்தில், நியூயார்க்கில் பிடித்த 37 பறவைகளை பெர்க்‌ஷயர் மலைக்காடுகளில் விட்டார்கள். காடு மீண்டிருந்ததால் அவை பிழைத்தன, இன்று மாசசூசெட்ஸில் 30,000-க்கும் மேல். கயோட்டி இல்லாத காலத்தில் அழிந்து, வந்த பின் பெருகிய பறவைக்குக் கயோட்டிதான் எமன் என்றால், காலவரிசை தெரிந்த எந்த வாசகர் ஏற்பார்?

கயோட்டி பெட்டையைப் பிடிக்கும், யார் மறுத்தது? ஆனால் தரையில் இட்ட முட்டைகளைச் சூறையாடும் கூட்டத்தில் ரக்கூன், ஒபாசம், ஸ்கங்க், பாம்பு, காகம் எல்லாம் உண்டே. 28 நாள் பெரும்பாலும் அசையாமல் அடைகாக்கும் பெட்டையை அத்தனை கண்களிலிருந்தும் மறைப்பது புல்லும் புதரும்தான். அவர் எள்ளிய அதே வாழிடம்.

மரங்கள் அடர்ந்துதானே நிற்கின்றன என்கிறார். மரம் நின்றால் காடாகிவிடுமா? நெருக்கி நட்ட பைன் தோட்டத்துக்குள் குனிந்து பாருங்கள்: தரையெங்கும் காய்ந்த ஊசியிலை, வெயில் இல்லை, புல் இல்லை, புல் இல்லாததால் வெட்டுக்கிளியும் இல்லை. குஞ்சு முதல் சில வாரம் பூச்சி தின்றே வளர்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரம் தரையிலேயே தாயின் இறகுக்கடியில் படுக்கிறது. மேய்ச்சலுக்கு விதைத்த ஃபெஸ்க்யூ புல்லோ பாய் விரித்ததுபோல் நெருங்கி வளர்வது, கையளவு குஞ்சு அதில் நடக்கக்கூட முடியாது. தரைவரை ஒளி விழுந்த நெடு ஊசியிலைப் பைன் காடு ஒருகாலத்தில் சுமார் 9 கோடி ஏக்கர் பரந்திருந்தது. எஞ்சியது சில விழுக்காடு. சில ஆண்டுக்கொருமுறை தரையோடு ஓடிய தீதான் புதரை அடக்கிப் புல்லை எழுப்பியது. அந்தத் தீயை ஒரு நூற்றாண்டாக அணைத்தவன் மனிதன், கயோட்டி அல்ல.

இதை ஒப்புக்கொண்டால் தோட்ட முதலாளி மரங்களைக் கலைக்க வேண்டும், முறையாகத் தீயிட வேண்டும். வேட்டைக்காரரும் விட்டுக்கொடுக்க வேண்டும். ஜார்ஜியா 2022-இல் வேட்டைப் பருவத்தைத் தள்ளிவைத்து, ஒருவர் சுடக்கூடிய சேவல்களை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததே, அதைப் பற்றி ஒரு வரி எழுதினாரா? கயோட்டிக்கு நிலமில்லை, வாக்கில்லை. அதன்மேல் பழி போட்டால் யாருக்கும் காசு செலவில்லை.

கடைசியில் அவர் தரும் மருந்து, பண்ணையில் வளர்த்த குஞ்சுகளைக் காட்டில் விடுவது. இருபதாம் நூற்றாண்டில் பல மாநிலங்கள் பல்லாண்டு செய்து தோற்ற வேலை அது. தாயிடம் பயிலாத பறவைக்கு எதிரியைக் கண்டு ஒதுங்கத் தெரியவில்லை. வலைவீசிப் பிடித்த காட்டுப் பறவைகளை இடம்மாற்றிய பிறகே மீட்சி வந்தது. கயோட்டிதான் எல்லாவற்றையும் தின்று தீர்க்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியவர், ஒளியத் தெரியாத குஞ்சுகளை அதன் வாயருகே கொண்டுபோய் விடச் சொல்கிறாரே, தான் எழுதியதை அவரே நம்புகிறாரா?